பைபாஸுக்குப் பிந்தைய இரவுகள்: வாசகர் கேள்வி-பதில்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவையை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். இன்று காப்பீட்டு அட்டையோடு போய் அந்த ஆபரேஷனை முடித்துக்கொண்டு வந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரைச் சீட்டை வரி வரியாக விளக்குகிறார்கள். படுக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே அந்தக் குறை தெரிந்துவிடும். இந்த இதழில் அந்த ராத்திரிகள் பற்றிய கேள்விகள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து செய்யும் ஆபரேஷனை வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. விலா இடுக்கு வழியே சிறு வெட்டில் செய்துகொண்டவர்களுக்கு எலும்பு பற்றிய கட்டுப்பாடுகள் அப்படியே பொருந்தா.

அப்பாவுக்கு 62 வயது. பைபாஸ் முடிந்து ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆயுசு முழுக்கப் பாயில் ஒருக்களித்துப் படுத்தே பழக்கம். இப்போது மல்லாந்து படுத்தால் நெஞ்சு இழுக்கிறது என்று ராத்திரி பூராவும் ஈஸிசேரில் சாய்ந்திருக்கிறார். எழுப்பி விடுவதற்குள் எனக்கும் அவருக்கும் போதும் போதும் என்றாகிறது. எப்படிப் படுக்க வைப்பது?
*மகன், திண்டுக்கல்*

பாயை மூன்று மாதத்துக்குச் சுருட்டி வையுங்கள். பாயில் படுப்பதால் கெடுதல் இல்லை, பாயிலிருந்து எழுவதால்தான். இந்த வயதில் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாது. ஊன்றும் கையின் பாரம் தோள் வழியாக நெஞ்செலும்புக்குப் போகிறது. இரண்டு பக்க மார்புத் தசைகளும் அந்த எலும்பில்தான் பிடித்திருக்கின்றன. அறுத்த எலும்பைப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது ஓரளவு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும், நன்றாக இறுக 12 வாரம்.

ஈஸிசேரும் வேண்டாம். துணி தொய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் இரண்டு கையாலும் சட்டத்தை அழுத்தினால்தான் எழலாம். கயிற்றுக் கட்டிலுக்கும் இதே குறை. மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ, மெத்தையோடு சேர்த்து அப்பாவின் முழங்கால் உயரம் இருக்கட்டும், சுமார் 18 முதல் 20 அங்குலம். தொட்டால் அமுங்கும் ஸ்பாஞ்ச் மெத்தையைவிடத் தென்னைநார் மெத்தை நல்லது. புரள்வதற்குப் பிடிமானம் கொடுக்கும்.

இனி சாய்வு. நெஞ்சு இழுப்பதற்குக் காரணம், தட்டையாகப் படுக்கும்போது தோள்கள் பின்னால் விழுந்து தையலின் இரு ஓரத்தையும் விரிப்பதுதான். மேல் உடம்பை 30 டிகிரிக்குக் குறையாமல் தூக்கி வைத்தால் இழுவை குறையும், மூச்சும் சுலபமாக வரும். டிகிரி பார்க்கக் கருவி வேண்டாம். இடுப்பிலிருந்து தலை வரை 2 அடி நீளமுள்ள சாய்வுக்குத் தலைப்பக்கம் 1 அடி உயரம் இருந்தால் அதுதான் 30 டிகிரி. சர்ஜிக்கல் கடைகளில் முக்கோண வடிவச் சாய்வு மெத்தை கிடைக்கும். வாங்க முடியாவிட்டால் வீட்டிலிருக்கும் மர நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் குப்புறக் கவிழ்த்து, அதன் முதுகுப் பலகை சரிவாக வரும்படி வையுங்கள். மேலே மடித்த ஜமக்காளம், அதற்குமேல் தலையணைகள். நாற்காலி நழுவாமல் கால்களைக் கட்டிலோடு கட்டிவிடுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, நான்கு தலையணையையும் தலைக்குக் கீழேயே அடுக்குவது. தாடை நெஞ்சில் முட்டும், கழுத்து பிடித்துக்கொள்ளும், காலைக்குள் உடம்பு கீழே சரிந்து தட்டையாகிவிடும். சாய்வு இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். சரியாமலிருக்க, மடித்த போர்வையை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளவாக்கில் வையுங்கள். முழங்கால் மடிப்பில் மட்டும் உருளைத் தலையணை வைத்தால் ரத்த ஓட்டம் அங்கே அமுங்கும். கடைசியாக, பலர் விட்டுவிடுவது: இரண்டு முழங்கைக்கும் கீழே ஆளுக்கொரு சிறு தலையணை. கை தொங்காமலிருந்தால் தோள் தையலை இழுக்காது. இந்த இரண்டு சின்னத் தலையணையைப் போட்ட பிறகுதான் பலருக்குத் தூக்கமே வருகிறது.

எழுப்புவது இப்படி. முழங்கால்களை மடிக்கச் சொல்லுங்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாக, மரக்கட்டை புரள்வதுபோலப் பக்கவாட்டில் திரும்பட்டும். பிறகு இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். தராசுத் தட்டு மாதிரி, கால்கள் இறங்கும் எடையில் மேல் உடம்பு தானாகக் கிளம்பும். அந்த நேரத்தில் நீங்கள் உள்ளங்கையை அவர் முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வைத்துத் தாங்குங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கைவிட்டுத் தூக்கவும் கூடாது. கட்டில் காலில் சேலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுவதும் அதே இழுப்புதான். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் மாத்திரைகளில் சில ரத்த அழுத்தத்தை இறக்குபவை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ராத்திரி பாத்ரூமில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். முதல் இரண்டு வாரம் கட்டிலுக்குக் கீழே யூரின் கேன் வையுங்கள், ஒரு விடிவிளக்கும் எரியட்டும்.

என் கணவர் வலி மாத்திரை போட மாட்டேன் என்கிறார். 'கிட்னி போய்விடும், பொறுத்துக்கொள்கிறேன்' என்பார். ராத்திரி இரண்டு மணிக்கு முனகிக்கொண்டே விழித்திருக்கிறார். அப்போது கொடுத்தாலும் கேட்பதில்லை. மூன்றாவது வாரம் நடக்கிறது.
*வாசகி, கும்பகோணம்*

அவர் பயம் பாதி சரி. கிட்னியைப் பாதிப்பவை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்லோஃபெனாக் வகை மாத்திரைகள். பைபாஸ் செய்துகொண்டவர் அவற்றைத் தொடவே கூடாது. கிட்னி மட்டும் காரணமில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கும். மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டும். மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். ஃபைலைக் காட்டாமல் எதையும் வாங்காதீர்கள்.

பாராசிட்டமால் வேறு ஜாதி. சொன்ன அளவில் அது கிட்னியைக் கெடுப்பதில்லை. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும், அதனால்தான் கணக்கு வேண்டும். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 2,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 4 கிராம். வீட்டில் 3 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தவருக்கும், எடை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் டாக்டர் சொன்ன அளவே அளவு. ஒரு கண்ணி உண்டு: சளி மாத்திரைகளிலும் டிராமடால் என்ற வலுவான வலி மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்து, இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

அளவைவிட நேரம் முக்கியம். வலி உச்சிக்குப் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் போடும் மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் தூக்கம் முழுக்கக் கலைந்துவிடும். படுப்பதற்கு அரை மணி முன்னால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், போட்டுவிட வேண்டும். ஒன்பதரைக்குப் படுப்பவருக்கு ஒன்பது மணி. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் விழிப்பு வந்தால் அடுத்ததைப் போடலாம். முதல் இரண்டு மூன்று வாரம் இப்படி நேரம் வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு பகல் வேளைகளை முதலில் குறையுங்கள். ராத்திரி வேளையைக் கடைசியாக நிறுத்தலாம்.

பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை, நஷ்டம் உண்டு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர் இருமமாட்டார், சளி அடியில் தேங்கும், நுரையீரலின் கீழ்ப்பகுதி சுருங்கும், காய்ச்சல் வரும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

டிராமடால் கொடுத்திருந்தால் மலச்சிக்கல் கூடவே வரும். முக்குவது நெஞ்சுக்கும் தையலுக்கும் நல்லதல்ல. இரண்டு நாள் போகவில்லை என்றால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கேட்டு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் தொடங்குங்கள். இசப்கோல் கொடுப்பதானால் ஒரு முழு டம்ளர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அது சரிப்படாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலி போதும். குழாயைப் பிடித்து எழுவது மட்டும் வேண்டாம்.

எனக்கு நெஞ்சுத் தையல் அவ்வளவாக வலிக்கவில்லை. முதுகில், இரண்டு தோள்பட்டைக்கு நடுவில்தான் குடைகிறது. இடது மார்பு மரப்பலகை மாதிரி மரத்திருக்கிறது, சட்டை பட்டால் எரிகிறது. மறுபடி ஹார்ட் அட்டாக்கா? தைலம் தேய்க்கலாமா?
*வாசகர், திருநெல்வேலி*

முதுகு குடைவதற்குக் காரணம் ஆபரேஷன் மேசையில் இருக்கிறது. எலும்பை அறுத்த பிறகு, இரண்டு பாதியையும் ஒரு விரிப்பானால் மணிக்கணக்கில் அகட்டி வைக்கிறார்கள். முன்னால் விரியும்போது விலா எலும்புகள் பின்னால் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் திருகிக்கொள்கின்றன. கழுத்தும் தோளும் பிடித்திருப்பதும் அதனால்தான். இதற்கு ஓய்வைவிட அசைவுதான் மருந்து. உட்கார்ந்தபடி தோள்களைக் காதுவரை உயர்த்தி, பின்னால் உருட்டி, மெதுவாக இறக்குங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை, படுக்கப் போகும் முன் ஒரு வேளை கட்டாயம். நெஞ்சைக் காத்துக்கொள்வதாக நினைத்துக் கூனிக் குறுகி உட்காருவது முதுகு வலியை இரட்டிப்பாக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முதுகில் பத்து நிமிடம் வைக்கலாம்.

இடது மார்பு மரத்திருப்பது வேறு கதை. நெஞ்செலும்பின் உள்பக்கமாக ஓடும் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் இணைத்திருப்பார்கள். அதைப் பிரித்தெடுக்கும்போது பக்கத்திலுள்ள சிறு நரம்புகள் அடிபடும். மரப்பு, எரிச்சல், சட்டை பட்டால் கூச்சம் எல்லாம் அந்த நரம்புகளின் வேலை. சில மாதங்களில் குறையும். சிலருக்கு ஒரு திட்டு மரத்தபடியே நின்றுவிடும். எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் பாராசிட்டமால் உதவாது, நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் உள்ளன, மறுபரிசோதனையில் கேளுங்கள். அதுவரை மெல்லிய பழைய பருத்தி பனியன் உள்ளே போட்டால் உரசல் குறையும். மரத்த இடத்தில் ஒத்தடம் கூடவே கூடாது. சூடு உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

தைலத்தைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். முதுகில் கொஞ்சம் தடவலாம். ஆனால் இதய வால்வு மாற்றியவர்களும், அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் அதையும் செய்ய வேண்டாம். வலித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உள்ளே போய், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும்.

இதய வலியைப் பிரித்தறிய ஒரு வழி: திரும்பினால், இருமினால், விரலால் அழுத்தினால் கூடுகிற வலி பெரும்பாலும் எலும்பும் தசையும். ஆபரேஷனுக்கு முன் வந்த அதே இறுக்கம், நடந்தால் வந்து நின்றால் அடங்கினால், அல்லது தாடைக்கும் கைக்கும் பரவி வியர்த்துக் கொட்டினால், யோசிக்காமல் 108.

இருமினால் நெஞ்சுக் கம்பி அறுந்துவிடுமா? பயத்தில் தும்மலைக்கூட அடக்குகிறேன்.
*வாசகர், கோயம்புத்தூர்*

ஓர் இருமலுக்கு அறுவதில்லை. அடக்கும் தும்மல்தான் உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. குட்டித் தலையணையையோ, நான்காக மடித்துச் சுருட்டிய டர்க்கி டவலையோ தையல்மீது வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள். நெஞ்சு பெல்ட் கொடுத்திருந்தால் அதன் கைப்பிடிகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையணை படுக்கையில் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தும்மல் சொல்லிவிட்டு வராது.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியை ஊதுகிறவர்கள் நிறையப் பேர். அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. வெளியே மூச்சை விட்டுவிட்டு, குழாயை வாயில் கவ்வி மெதுவாக, ஆழமாக இழுத்துப் பந்தை இரண்டு மூன்று விநாடி மேலே நிறுத்துங்கள். வேகமாக இழுத்து மூன்று பந்தையும் ஒரு கணம் துள்ளவைப்பதைவிட, ஒரு பந்தை நிதானமாக நிறுத்துவது நல்லது. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துச் செய்தால் வலி தெரியாது. படுக்கும் முன் ஒரு சுற்று முடித்து, சளியைத் துப்பிவிட்டுப் படுத்தால் நடு ராத்திரி இருமல் பெருமளவு குறையும்.

கம்பிகளுக்கு உண்மையான எதிரி குடமும் பக்கெட்டும். நிறைந்த பக்கெட் 15 கிலோவுக்கு மேல், நிறைந்த சமையல் கேஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குக் கிட்டத்தட்ட. உங்களுக்கு முதல் ஆறு வாரத்துக்கு அனுமதி 2 முதல் 3 கிலோ. பேரனைத் தூக்குவதும் இதில் சேர்த்தி. திரும்பும்போது நெஞ்சில் 'டக்' என்று எலும்பு உரசும் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால், வலி இல்லாவிட்டாலும் அடுத்த நாளே காட்டுங்கள்.

எனக்கு 58 வயது, கொஞ்சம் கனத்த உடம்பு. மார்பின் பாரம் தையலை இரண்டு பக்கமும் இழுக்கிறது, படுத்தால் அதிகமாகிறது. டாக்டரிடம் கேட்கக் கூச்சம்.
*வாசகி, நாகர்கோவில்*

கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. பெண்களுக்குத் தையலின் கீழ்முனை ஆறாமல் ஈரமாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். இரும்பு வளையம் இல்லாத, முன்பக்கம் கொக்கி வைத்த, பருத்தி உள்ளாடையை இரவிலும் அணியுங்கள். வழக்கமான அளவைவிடச் சுற்றளவில் ஓர் அளவு பெரிது வாங்குங்கள், உடம்பில் வீக்கம் இருக்கும். அடிப்பட்டை தையலின் மேல் அழுந்தினால் நடுவில் ஒரு சுத்தமான காஸ் துணியை மடித்து வையுங்கள். மார்புக்குக் கீழ் மடிப்பைக் குளித்ததும் ஒற்றித் துடைத்து உலரவிடுங்கள். பவுடர் வேண்டாம், கட்டியாகி ஈரத்தைப் பிடித்துவைக்கும். தலைவழியாக மாட்டும் நைட்டிக்குப் பதில் முன்பக்கம் முழுக்கத் திறக்கும் நைட்டி இரண்டு வாங்கிவிடுங்கள். படுக்கும்போது இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்தால் பாரம் வெளிப்பக்கம் சரியாது.

பகலில் எல்லாம் தூங்கி வழிகிறார், ராத்திரி கொட்டக்கொட்ட விழிப்பு. கண் அயர்ந்தால் பயங்கரக் கனவு. சில நேரம் காரணமில்லாமல் அழுகிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
*மனைவி, சென்னை*

ஐ.சி.யு.வில் ராத்திரியும் பகலும் ஒரே வெளிச்சம், ஒரே பீப் சத்தம். அங்கே குழம்பிய உடம்புக் கடிகாரம் வீட்டுக்கு வந்ததும் தானாகத் திரும்பாது, திருப்ப வேண்டும். காலை ஆறரைக்கு எழுப்பி, ஏழு மணி வெயிலில் வாசலில் உட்காரவையுங்கள். பகல் தூக்கம் மதியம் மூன்றுக்கு முன்னால், அரை மணி மட்டும். அலாரம் வைத்தே எழுப்பலாம், இரக்கம் வேண்டாம். காபி, டீ மதியத்தோடு சரி. இரவுச் சாப்பாடு ஏழரைக்குள், கொஞ்சமாக. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் வந்து, அதை இதய வலி என்று நினைத்து விடிய விடியப் பயந்துகொண்டிருப்பார்.

மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். நீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸ் வகையின் இரண்டாம் வேளையை ராத்திரி எட்டுக்குக் கொடுத்தால் பன்னிரண்டு வரை பாத்ரூம்தான். டாக்டரிடம் கேட்டு மாலை நான்குக்கு முன்னால் மாற்றுங்கள். மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர்கள் சிலருக்குத் துலக்கமான, பயமுறுத்தும் கனவுகளைக் கொடுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும். மாற்று மருந்து உண்டு, கேட்டால் எழுதித் தருவார்கள்.

தூக்க மாத்திரையை இப்போதைக்குத் தள்ளி வைப்பதே எங்கள் யோசனை. டிராமடாலோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும்; அரைத்தூக்கத்தில் எழுந்து விழுவார். அவர் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறாரா என்று ஒரு ராத்திரி கவனியுங்கள். அப்படியிருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். இதய நோயாளிகளுக்கு அது சகஜம், அதற்குத் தூக்க மாத்திரை விஷம் மாதிரி.

அழுகை முதல் சில வாரங்களில் வருவதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்து, சாப்பாட்டிலும் பேச்சிலும் ஆர்வம் போய்விட்டால் அது மனச்சோர்வு, மருந்தால் சரியாகும்.

வால்வு மாற்றி ஒரு மாதம். ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் கடிகாரம்போல 'டிக் டிக்' கேட்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் கேட்கிறதாம்.
*வாசகர், திருச்சி*

செயற்கை உலோக வால்வு மூடும் சத்தம் அது. சாயும் தட்டு கொண்ட வால்வுகளில் நன்றாகவே கேட்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான். மெல்லிய உடம்புக்காரர்களுக்குச் சத்தம் அதிகம் தெரியும். ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தாலே பாதிச் சத்தம் அமுங்கிவிடும். ரேடியோவை மெல்ல ஓடவிடுகிறவர்களும் உண்டு. சில மாதங்களில் மூளை அதைச் சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்துவிடும். பயப்பட வேண்டியது சத்தம் நின்றாலோ மங்கினாலோதான். வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம், மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. அசிட்ரோமைத் தினமும் ஒரே நேரத்தில் போட்டு, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாமலிருந்தால் அந்த நிலைமை வரும் வாய்ப்பு மிகவும் குறைவு.

ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலமானால் வீங்கி, ராத்திரி விண் விண் என்று தெறிக்கிறது. வீக்கத்துக்குக் கொடுத்த இறுக்கமான காலுறையைத் தூங்கும்போதும் போட வேண்டுமா?
*வாசகி, வேலூர்*

காலையில் எழுந்து காலைத் தொங்கவிடுவதற்கு முன்னால் மாட்டி, படுக்கும்போது கழற்றிவிடலாம். உங்கள் சர்ஜன் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் கட்டிலில் சாய்ந்து, பாதம் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகள்மேல் வையுங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். ஸ்டூலில் கால் வைப்பது போதாது, அது இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கெண்டைச் சதை மட்டும் கல்லாக இறுகி, தொட்டால் சுட்டால் அது சாதாரண வீக்கமில்லை, உடனே காட்டுங்கள்.

பரிசோதனைக்கு மதுரைக்குப் போக வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகலாமா? ரயிலில்?
*வாசகர், ராமநாதபுரம்*

பைக் எட்டு வாரத்துக்கு வேண்டாம், பின்சீட்டும் சேர்த்து. ரயிலில் கீழ் பெர்த் மட்டும். காரில் சீட் பெல்ட் கட்டாயம். பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவில் மடித்த துண்டு வையுங்கள்.

ராத்திரி எதற்கு எழுந்து ஓட வேண்டும், எதற்கு விடியும்வரை பொறுக்கலாம்? கிராமத்தில் இருக்கிறோம், ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர்.
*வாசகர், சிவகங்கை*

விடியும்வரை பொறுக்காதவை: ஓய்விலும் அடங்காத மூச்சுத் திணறல், மயக்கம், பேச்சு குழறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், வியர்வையோடு வரும் நெஞ்சு இறுக்கம், தையலிலிருந்து ரத்தம் ஒழுகுதல். படபடப்பு கொஞ்சம் சிக்கலான விஷயம். ஆபரேஷனுக்குப் பின் இதயத் துடிப்பு தாளம் தப்புவது அடிக்கடி நடப்பது. பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும், வீட்டிலும் வரலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். படுத்திருக்கும்போதே 120-க்கு மேல் இருந்து கால் மணி நேரத்தில் இறங்காவிட்டால் கிளம்புங்கள். தலைச்சுற்றலோ மூச்சு வாங்குதலோ சேர்ந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம்.

காலையில் முதல் வேலையாக போன் செய்ய வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது பரவும் சிவப்பு, நேற்று இரண்டு தலையணையில் தூங்கியவருக்கு இன்று நான்கு தேவைப்படுவது. கடைசியாகச் சொன்னது உடம்பில் நீர் சேர்வதன் அடையாளம். தினமும் காலை சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவோ வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த சதை அல்ல. இன்னொன்று, ஆறு வாரம் வரை வரக்கூடியது: லேசான காய்ச்சலோடு, படுத்தாலும் ஆழ்ந்து மூச்சிழுத்தாலும் குத்துகிற, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சு வலி. இதயத்தைச் சுற்றிய உறையில் அழற்சி. மாத்திரையில் அடங்கும், ஆனால் பார்த்தாக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சுருக்கம், இசிஜி, மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவையுங்கள். 108 வந்து நிற்கும்போது தேடுவதற்கு நேரம் இருக்காது.

நான்காவது மாதம். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ஒருக்களித்துப் படுக்கப் பயம், சாய்வு மெத்தை இல்லாமல் தூக்கம் வருவதில்லை.
*வாசகர், தஞ்சாவூர்*

பொதுவாக நான்கு முதல் ஆறு வாரத்திலேயே, தையல் காய்ந்து எலும்புச் சத்தம் இல்லாமலிருந்தால், ஒருக்களிக்க அனுமதிப்பார்கள். நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். சாய்வை வாரத்துக்கு இரண்டு அங்குலம் குறையுங்கள். முதலில் வலது பக்கம் பழகுங்கள். இடது பக்கம் திரும்பினால் இதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி அடிப்பது காதுவரை கேட்கும்; ஆபத்தில்லை, ஆனால் உங்களைப் போன்றவர் அதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள். முன்னால் ஒரு தலையணையை அணைத்து, முதுகுக்குப் பின்னால் ஒன்றை அண்டை கொடுங்கள். இரண்டு முழங்காலுக்கு நடுவிலும் ஒன்று. தூக்கத்தில் தெரியாமல் குப்புறப் புரண்டாலும் பன்னிரண்டு வாரம் கடந்த எலும்பு தாங்கும்.